டாக்டரிடம் நான் சொல்லாதது

சவுதியில், ஜுபைல் தொழிலாளர் கேம்பில் என் ரூமில் இருந்த முருகேசனுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. எனக்கு அரபி தெரியும் என்பதால், ஆஸ்பத்திரியில் அவன் சொல்வதை டாக்டருக்குச் சொல்வது நான்தான்.

"அண்ணே, ஒரேயடியா ஊசி போட்டு முடிச்சிடச் சொல்லுங்கண்ணே" என்று மூன்று நாள் கெஞ்சினான்.

"வாய மூடுறா, இந்த ஊர்ல இப்படிப் பேசினா போலீஸ் கேஸாயிடும்" என்று அதட்டினேன். டாக்டரிடம், பயப்படுகிறான் என்று மட்டும் சொன்னேன்.

நான்காம் நாள் டியூட்டிக்கு வந்த மலையாளி நர்ஸுக்குத் தமிழ் புரிந்தது. அவன் கெஞ்சியதைக் கேட்டு என் பக்கம் திரும்பினார். "இவ்வளவு வலியா? டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

அவரே டாக்டரிடம் போய்ச் சொல்ல, உடனே வலி மருந்தைக் கூட்டினார்கள். சாயங்காலம் முருகேசன் கண் திறந்தான்.

"அண்ணே, ஒரு டீ கிடைக்குமா?"

வாங்கி வந்து ஆற்றிக் கொடுத்தேன். அவன் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.