மத்தியானத்துச் சுருதி

ஐரிஷ் விசில் செய்து விற்கப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். சித்தூரில் அலுமினிய ஜன்னல் செய்து பிழைக்கிற மனுஷனுக்கு அயர்லாந்துக்காரர்கள் ஊதுகிற விசிலோடு என்ன சகவாசம்? எல்லாம் எங்கள் சபைக்கு விருந்தாளியாக வந்த ஒரு அயர்லாந்து அம்மாள் செய்த வேலை. ஆராதனை முடிந்ததும் அவர் கைப்பையிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை எடுத்து ஊதினார். ஆறு துளை, வாய் வைக்கிற இடத்தில் ஒரு மரத்தக்கை, அவ்வளவுதான். இவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம் பட்டறையில் வெட்டிப் போடுகிற குழாய்தானே என்றார்.

செய்யக்கூடியவர்தான். காது அப்படி. எங்கள் பாடகர் குழுவில் வாத்தியம் இல்லாமல் பாடும் பாட்டுகளுக்கு இவர்தான் சுருதி எடுத்துக் கொடுப்பார். பேச்சில் கஞ்சன், உடுப்பில் அக்கறை கிடையாது, ஆனால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மனுஷனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எனக்கும்தான்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் வேலை தொடங்கியது. பாதி இடத்தில் மாங்காய்க் கூடைகள், மீதியில் இவர். முதலில் செய்ததைத் திருப்பதிக்குக் கொண்டுபோய்க் கடை கடையாகக் காட்டினார். கிருஷ்ணன் சிலையின் கையில் வைக்கிற புல்லாங்குழலா என்று ஒரு கடைக்காரர் தெலுங்கில் கேட்டாராம். இல்லை என்றதும் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி நான் கேலி செய்தேன். பிறகு அந்த அயர்லாந்து அம்மாளே தன் ஊர்ப் பிள்ளைகளின் பாட்டு வகுப்புக்கென்று ஒரு பெட்டி விசில் கேட்டு எழுதினார். அதற்குப் பின் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெட்டி முழுவதும் சித்திரை வெயிலில் செய்தது. குழாயைக் காலையில் வெட்டி வைப்பார். துளையை அரம் போட்டுச் சுருதிக்குக் கொண்டுவருவது மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகுதான். தெருவே படுத்துத் தூங்குகிற நேரம், ஆட்டோச் சத்தம்கூட இருக்காது. காற்று பட்டால் ஒலி கலையும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிடுவார். தகரத்தின் கீழே வேர்த்து ஊற்ற, சுருதிக்கு வைத்திருந்த சபையின் பழைய இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் மோரை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

பெட்டி போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் ஒரு வீடியோ வந்தது. அந்த அம்மாள் நம் விசிலை ஊத, பக்கத்தில் சுருதி பார்க்கும் கருவியின் முள் நடுவுக்கு வராமல் இடப்பக்கமே சாய்ந்து கிடந்தது. எல்லாமே ஒரே மாதிரி இறங்கி ஒலிக்கின்றன, மன்னியுங்கள், வகுப்புக்கு ஆகாது என்று தன்மையாகத்தான் எழுதியிருந்தார். இன்னொரு தடவை இங்கே பார்க்கலாமே என்றேன். முள்ளுக்கு என்மேல் என்ன கோபமா, பொய் சொல்ல என்று இவர் கேட்டார்.

மிச்சமிருந்த விசில்களைச் சாக்கில் போட்டுக் கட்டினார். அந்த ஞாயிறு பாடகர் குழு எழுந்து இவர் முகத்தைப் பார்த்தது. இவர் கடைசி பெஞ்சில் இருந்தார்.

"கீபோர்டுல எடுத்துக்கோங்க. எனக்குக் காது போச்சி" என்றார்.

எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன் பிறகு வீட்டிலும் அவர் பாடி நான் கேட்கவில்லை. நான் எதையாவது முணுமுணுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஐப்பசி மழையில் ஒருநாள் காலை நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரி வரைக்கும் உயிர் தாங்கவில்லை.

எங்கள் மகள் திருப்பதியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அப்பா நினைவாக அந்தச் சாக்கிலிருந்து ஒன்றை எடுத்துப்போய் மேசையில் வைத்திருந்தாள். அடுத்த கோடையில் ஒருநாள் ஏசி அறையில் அதை ஊதி, போனில் சுருதி பார்த்திருக்கிறாள். வீடியோவில் கண்டது போலவே முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மனசு பொறுக்காமல் மொட்டை மாடிக்குப் போய், உச்சி வெயிலில் நின்று திரும்பவும் ஊதியிருக்கிறாள். அங்கிருந்தே எனக்குப் போன் செய்தாள்.

"முள்ளு நேரா நிக்குதும்மா. அந்தம்மா ஊரு மாதிரி குளுந்த காத்துல சுருதி எறங்குது, அனல்ல ஏறுது. நைனா காதுல ஒண்ணுமில்ல. அவரு நம்ம வெயிலுக்கு சரியாத்தான் வெச்சிக்கிறாரு."

அந்த அயர்லாந்து அம்மாளுக்கு எழுதட்டுமா, அவர் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று கேட்டாள். எழுது என்றேன். சபையாருக்கும் சொல் என்றேன். எல்லோருக்கும் சொல்லிவிடலாம். தெரிந்தே ஆகவேண்டியவர் ஒருவர்தான். காது போச்சு என்று நம்பிக்கொண்டே அவர் போய்விட்டார்.