ஐப்பசியில் ஆரஞ்சு இலை

காலையில் மகளின் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அடுத்த வாரம் 'ஃபால் வீக்', இலையுதிர் கால வாரமாம். பிள்ளைகள் ஆரஞ்சு நிற உடையில் வர வேண்டும், காய்ந்து உதிர்ந்த சிவப்பு, மஞ்சள் இலைகள் பத்து கொண்டுவர வேண்டும். தருமபுரியில் மூன்று நாளாக மழை. கொடியில் போட்ட துணியே காயவில்லை, காய்ந்த இலைக்கு எங்கே போவது? போனைக் கவிழ்த்து வைத்தேன். அப்படியும் அழுகிய பரங்கிக்காய் நாற்றம் மூக்கில் ஏறியது. வீட்டில் பரங்கிக்காய் கிடையாது. பல வருடமாக நான் வாங்குவதில்லை. விருந்தில் சாம்பாரில் கிடந்தால்கூட ஒதுக்கி வைப்பேன். என் வீட்டுக்காரர் இதற்குக் கொழுப்பு என்று பெயர் வைத்திருக்கிறார். காரணத்தை அவரிடம் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்பு நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு மழலையர் பள்ளியில் எல்.கே.ஜி. மிஸ்ஸாக இருந்தேன். நான்கு வயதுப் பிள்ளைகள் 'மிஸ்' என்று கூப்பிட்டால் கலெக்டர் மாதிரி நடப்பேன். புடவைக்குப் பின் குத்தவே அரை மணி நேரமாகும். ஓர் ஐப்பசியில், பள்ளியை நடத்திய மேடம் எங்கிருந்தோ ஒரு கட்டு பிரிண்ட் எடுத்து வந்தார். இலைகளை நிறம் பிரித்து அடுக்குவது, எண்ணுவது, தாளுக்கு அடியில் இலையை வைத்து மேலே கிரேயானைத் தேய்த்து நரம்புகளை வரவைப்பது. விளையாட்டுகளைக் குறை சொல்ல மாட்டேன், நல்லவைதான். ஆனால் படத்தில் இருந்தவை விரித்த கை போன்ற சிவந்த இலைகள். எங்கள் ஊரில் இலை கொட்டுவது மாசியில், அப்போது செய்யலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். மேடம் தாளில் அக்டோபர் என்று இருந்த இடத்தை விரலால் தட்டிக் காட்டினார். தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு அப்போது நல்ல பழக்கம்.

படத்தின் நகலைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினோம். மறுநாள் பாதிப் பேர் வெறுங்கையோடு வந்தார்கள். பவித்ரா மட்டும் ஒரு மஞ்சள் பை நிறைய ஆமணக்கு இலை கொண்டுவந்தாள். வீட்டில் கன்னடம் பேசும் குடும்பம். அம்மா கடலைக்காட்டு வேலைக்குப் போகிறவர். படத்தை வைத்துக்கொண்டு அந்த அம்மா வரப்பெல்லாம் தேடியிருக்க வேண்டும். அதே விரித்த கை, அதே காம்பு. நிறம்தான் பச்சை. நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, பெயிண்ட் அடித்துவிடச் சொல்லிப் போனார்.

அடித்தேன். மழை ஈரத்தில் போஸ்டர் கலர் ஒட்டாமல் வழிந்தது. மூன்று பூச்சு பூசினேன். ஓர் இலையின் அடியில் பச்சைப் புழு ஒன்று இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை, பவித்ரா பார்த்துவிட்டாள். ஆரஞ்சுக் குழம்பில் அது நெளிந்து நெளிந்து அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அதைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

அதே பிரிண்டைப் பார்த்து வகுப்பு நடுவில் கண், வாய் வெட்டி வைத்த பரங்கிக்காய் புதன்கிழமையே நீர் விட்டது. வெள்ளிக்கிழமை பெற்றோர் வரும்வரை எடுக்கக் கூடாது என்று உத்தரவு. அடியில் புழு வைத்து, ஈ மொய்த்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் பிள்ளைகள் தயிர் சாதம் சாப்பிட்டார்கள். நான் ஊதுவத்தி ஏற்றினேன். அழுகலும் மல்லிகை ஊதுவத்தியும் கலந்த அந்த நாற்றம் இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் முன்னால் மேடம் பவித்ராவை எழுப்பி, அக்டோபர் மாதம் இலை என்ன கலர் என்று கேட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே மழையில் நனைந்த அவரைப் பந்தல். நிதானமாகப் பார்த்துவிட்டு, "பச்சை" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மேடம் என்னைப் பார்த்தார். நான் பவித்ராவின் பக்கத்தில் மண்டியிட்டு, "ஆரஞ்சு சொல்லும்மா" என்றேன். அவள் மறுபடி வெளியே பார்த்தாள். முகவாயைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். மூன்றாம் தடவை ஆரஞ்சு என்றாள். கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபின் அவள் அம்மா என்னிடம் வந்து, "நாந்தானுங்க மிஸ் பச்சைன்னு சொல்லிக் குடுத்தன். தப்புங்களா?" என்று கேட்டார். நகக்கண்ணில் செம்மண். தப்பு உங்களுடையது இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மேடம் காதில் விழும் தூரத்தில் இருந்தார். "இனிமே பாத்துச் சொல்லிக் குடுங்க" என்றேன். அந்த அம்மா எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

வேலையை விட்டெறிந்தேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. கல்யாணமாகும்வரை இன்னும் இரண்டு ஐப்பசிக்கு இலைக்குப் பெயிண்ட் அடித்தேன்.

அந்த முதல் ஐப்பசி கழிந்து வந்த மாசியில் மட்டும் ஒரு நாள், மனசு கேட்காமல், பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனேன். வேப்பமரம் மஞ்சளாகக் கொட்டியிருந்தது. ஒரு கை அள்ளி பவித்ராவின் உள்ளங்கையில் வைத்து, இது என்ன கலர் என்று கேட்டேன். அவள் கையைக் குனிந்து பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன சொல்லணுங்க மிஸ்?"

பள்ளியை எப்போதோ மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது டைல்ஸ் குடோன். அவரைப் பந்தல் இருந்த காடு வீட்டுமனையாகிவிட்டது. பவித்ரா குடும்பம் ஓசூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. போனதில் எதற்கும் நான் பெரிதாக வருந்தவில்லை. கேட்டதும் திரும்பி, நிதானமாகப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிற ஒரு பிள்ளை எங்களிடம் இருந்தாள். அவளை இல்லாமல் செய்ய ஒரு வாரம் போதுமாக இருந்தது.