கார்மேகத்தின் கோப்பு

இது நடந்தது. துபாயில், போன ஜூலையில், பட்டப்பகலில். கணினியில் அடிக்கத் தைரியமில்லாமல் கையால்தான் எழுதுகிறேன்.

பெரிய கட்டுமானக் கம்பெனி ஒன்றில் டேட்டாபேஸ் பார்ப்பவன் நான். நாற்பதாயிரம் தொழிலாளர்கள். எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. உடல் சூட்டையும் இருக்கும் இடத்தையும் நிமிடத்துக்கு நிமிடம் அனுப்பும். இத்தனையும் பழைய கட்டம் போட்ட அட்டவணையில் அடங்காது. அதனால் ஆளுக்கொரு கோப்பு. எந்தக் கோப்பிலும் எந்தப் புது வரியும் சேரலாம், தடையில்லை. எல்லாவற்றுக்கும் மூன்று சர்வர்களில் மூன்று பிரதி.

அன்று மதியம் 12.47. வெயிலுக்காகச் சைட்டில் வேலையை நிறுத்தி, ஆட்கள் ஏசி போட்ட கன்டெய்னர் அறைகளில் ஓய்வெடுக்கும் நேரம். திரையில் கார்மேகம் என்பவரின் கோப்பு வந்தது. போன வருடம் அதே சைட்டில் வெயில் தாக்கி இறந்தவர். கோப்பை நான்தான் அழித்திருந்தேன்.

முதலில் பயப்படவில்லை. பழுதான சர்வர் ஒன்றை அன்று காலையில்தான் இணைத்திருந்தோம். அதில் தங்கிய பழைய பிரதி இப்படித் திரும்பி வரும். எங்கள் தொழிலில் சகஜம். அழித்தேன்.

12.49. மறுபடியும் வந்தது.

இப்போதுதான் கவனித்தேன்... தேதி இன்றையது. உடல் சூடு பத்தொன்பது டிகிரி. வெளியே நாற்பத்தேழு.

கீழே ஒரு புது வரி. நாங்கள் யாரும் சேர்க்காத வரி. தமிழில்.

'பக்கத்தில்: பாண்டித்துரை.'

என் மனைவி விஜியின் தம்பி அவன். நான்தான் விசா எடுத்து இந்தச் சைட் வேலைக்கு அழைத்து வந்தேன். அவன் கோப்பைத் திறந்தேன்.

உடல் சூடு 39.6... 40.2...

இருவர் இருந்த இடமும் ஒன்று.

போன் போட்டேன்.

“மாப்ள, எங்க இருக்க?”

“கன்டெய்னர்ல... தூக்கமா வருது மச்சான்...”

“கூட யாரு?”

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டு பேர் மூச்சு.

சைட் ஃபோர்மேன் ஆசிக்கைப் போனில் அழைத்துக் கத்தினேன். “பாண்டித்துரை கன்டெய்னரத் திறங்க பாய்!”

12.58. உள்ளே தாழிட்டிருந்த கதவை உடைத்தார்கள். ஏசி நின்றிருந்தது. உள்ளே அவன் மட்டும்தான். உயிர் இருந்தது.

திரையில் கார்மேகத்தின் கோப்பு இல்லை. மூன்று சர்வரிலும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் பாண்டித்துரை சொன்னான்: “பக்கத்துல யாரோ படுத்திருந்தாங்க மச்சான். ஜில்லுனு கைய நெஞ்சுல வச்சு அழுத்திக்கிட்டு... எந்திரிக்கவே விடல.”

கார்மேகத்தின் பட்டையை வேறு யாரோ கட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஸ்டோரில் விசாரித்தேன். அது திரும்பி வரவே இல்லையாம். ஊரில் அவர் மனைவி மாரியம்மாளுக்குப் போன் செய்தேன்.

“கை வீங்கிக் கெடந்துச்சுண்ணே. கழட்ட முடியல. அதோடயேதான் பொதைச்சோம்.”