டையூவில் மரத்தடியில் நின்ற வெள்ளைக் கார்

பகல் 1.10. மும்பையிலிருந்து ஒரு மணி நேரப் பறப்பு. டையூவில் இறங்கியவர்கள் இருபது பேர் இருக்கலாம். செம்பூர் ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்குள் குதித்துப் பழகிய கால் சும்மா இருக்குமா? இரண்டு பேரை இடித்துக்கொண்டு முதல் ஆளாக வெளியே வந்தேன். பின்னால் மனைவி வசந்தா, கைப்பையில் நான்கு எலுமிச்சம்பழத்தோடு.

வாடகைக் கார்க்காரருக்கு அங்கே அலுவலகம் கிடையாது. நாளுக்கு ரூ.1,800. "வெள்ளைக் கார், மரத்தடியில நிக்கும், சாவி உள்ளயே இருக்கும்" என்று போனில் இந்தியில் சொல்லியிருந்தார். சாவியை வண்டியிலேயே விட்டுப் போகிற ஊரும் இருக்கிறதே என்று சிரித்தேன். மரத்தடியில் வெள்ளைக் கார் நின்றது. சாவியும் இருந்தது. நம்பரைப் பார்க்கத் தோன்றவில்லை.

வசந்தா நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்தாள்.

"வாடகை வண்டிக்குமா?"

"உள்ள உக்காரப் போறது நாமதானே. பேசாம எடுங்க."

ஓட்டுநர் இருக்கை வெகுதூரம் பின்னால் கிடந்தது. வீட்டில் என் மகன் காரை எடுத்தாலும் இதே கூத்துதான். ஒவ்வொரு தடவையும் அவனைத் திட்டுவேன். முணுமுணுத்துக்கொண்டே இருக்கையை முன்னால் இழுத்தேன், கண்ணாடியைத் திருப்பினேன், பழங்களை நசுக்கிப் புறப்பட்டேன்.

1.30. ஊருக்கு ஏழு கிலோமீட்டர். இருபுறமும் பனைகள், ஒவ்வொன்றும் கிளை விட்டு நின்றது. பனை கிளை விட்டு நான் பார்த்ததில்லை. சாலையில் வேறு வண்டியே இல்லை. எதிரே சைக்கிளில் வந்தவர் எங்களைக் கண்டதும் இறங்கித் தலை குனிந்து நின்றார். வலை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். ஒருத்தி எங்களைக் கும்பிட்டாள்.

"என்னங்க, எல்லாரும் நம்மளையே பாக்குறாங்க."

"டூரிஸ்ட்டுன்னு பாக்குறாங்க."

"டூரிஸ்ட்ட யாராவது கும்பிடுவாங்களா?"

எனக்கு முதுகு சில்லிட்டது. ஏசி இன்னும் போடவில்லை.

ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் ஓடி வந்து, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் நின்றார். பிறகு குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க அவர் பையன் இல்லையே," என்றார் இந்தியில். "இந்த வண்டிக்காரர் நேத்துப் போயிட்டார். பையன் மும்பைலேர்ந்து வர்றான். அவனுக்காக நிறுத்தி வெச்ச வண்டி இது. நாலு மணிக்கு உடலை எடுக்கறாங்க."

அப்போது என் போன் அடித்தது. வாடகைக்காரர். "சார், உங்க வண்டி இன்னும் அந்தக் கோடி மரத்தடியிலயே நிக்குதே?"

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க," என்றாள் வசந்தா. திரும்பும் வழியில் வலை பின்னும் பெண்கள் மறுபடியும் எழுந்து நின்றார்கள். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

2.05. விமான நிலைய வாசல் காலியாகிவிட்டிருந்தது. படியில் உயரமான ஓர் இளைஞன் பையை மடியில் வைத்துத் தனியாக உட்கார்ந்திருந்தான். வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லையாம். இறங்கும்போது நான் இடித்துத் தள்ளிய இருவரில் அவனும் ஒருவன்.

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றான். அவன் கோபித்திருந்தால் தேவலை என்று இருந்தது. கதவைத் திறந்து உட்கார்ந்தான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இருக்கையைப் பின்னால் தள்ளப் போனவன் கையை எடுத்துக்கொண்டான்.

"அப்பா வெச்சிருந்த சீட்டு, எது வரைக்கும் இருந்தது சார்?"

இழுத்தது நினைவிருந்தது. எவ்வளவு தூரம் என்பது இல்லை. கண்ணாடியையும் நான் திருப்பிவிட்டேன் என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

நான்கு மணிக்கு முன்பே அவன் போய்ச் சேர்ந்துவிட்டதாக மறுநாள் டீக்கடைக்காரர் சொன்னார்.

நான்காம் நாள் செம்பூர் திரும்பினோம். காலையில் வேலைக்குக் கிளம்பக் காரைத் திறந்தேன். மகன் எடுத்திருக்கிறான், இருக்கை பின்னால் கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, காலை எட்டி எட்டிப் போட்டு ஓட்டிக்கொண்டு போனேன்.