செத்தவள் பரிமாறிய சோறு

என் சித்தப்பா ஒரு நாவல் எழுதினார். அது அச்சேறாமல் போனதற்குத் திருச்சிப் பத்திரிகைக்காரரையும் கொழும்புக் கப்பலையும் வீட்டில் மாறிமாறிக் குறை சொன்னார்கள். காரணம் நான்தான் என்பதை இத்தனை வருஷமும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. திருவரங்குளத்துக்குக் கிழக்கே, செவலை மண் புஞ்சைக் காட்டு ஊர் எங்களுடையது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றிருந்தது. ஆறாவது படிக்கப் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். பெண்பிள்ளையை யார் அனுப்புவார்கள்? படிப்பு நின்றதில் கவலைப்பட நிறைய நேரம் கிடைத்தது. மேயப்போன மாடு திரும்பத் தாமதமானால் கவலை. அம்மா இருமினால் கவலை. யாராவது கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டால் என்மேல்தான் கோபமோ என்று கவலை. அந்தக் குணம் இன்னும் போகவில்லை.

சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. அவரைப் பெற்ற தாய் அவர் நடை பழகுவதற்கு முன்பே இறந்துவிட்டாள். காட்டு வேலை அவருக்கு ஓடாது. எழுத்து மட்டும் முத்துமுத்தாக இருக்கும். கெட்டி அட்டை நோட்டு ஒன்று நிறைய நாவல் எழுதி, திருச்சியில் வாரப் பத்திரிகை நடத்திய ஒருவருக்கு அனுப்பினார். நோட்டு திரும்பி வந்தது. கூடவே ஒரு கார்டு: “நடை நன்று. மனிதர்களைத்தான் காணோம். திருத்தி, ஆடிக்குள் அனுப்பினால் பார்க்கலாம்.”

கார்டைக் கையில் வைத்துக்கொண்டு சித்தப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் அப்பா பொறுக்கமாட்டாமல் சொன்னார்:

“மனுசங்களக் காணோம்னா தேடிப் புடிச்சுப் போடுறா. ஆடி பொறக்குறதுக்குள்ள அந்தாளு சரின்னு எழுதுனா இங்கிட்டே இரு. இல்லையா, மாமன் கடைக்குக் கொழும்புக்குக் கெளம்பிரு.”

சித்தப்பாவுக்குக் கொழும்பு என்றாலே முகம் செத்துவிடும். ஆனி பிறக்க இரண்டு நாள்தான் இருந்தது.

ஆனியில் எங்கள் வீட்டில் விதைக்கடலை உடைப்பார்கள். ஆடியில் விதைக்கிற கடலைக்கு உள்தோல் கீறல்படக் கூடாது; தடியால் அடிக்காமல் ஒவ்வொன்றாய் விரலால்தான் உடைக்க வேண்டும். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய கீற்றுப் பந்தலில் மத்தியானம் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். விரல் வேலை செய்யும், வாய் சும்மா இருக்காது. சித்தப்பா மனிதர்களைத் தேடிப் பிடித்த இடம் அதுதான்.

அவர் செய்த யுக்தியைச் சொல்கிறேன். நோட்டுக்குப் பழைய பஞ்சாங்கத்தின் மேலட்டையைப் போட்டு என் கையில் கொடுத்தார். “பட்டணத்துல அச்சடிச்ச பொஸ்தகம்னு சொல்லு. ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் சத்தமாப் படி. நான் எழுதுனதுன்னு மட்டும் மூச்சு விட்றாத” என்றார். அந்தப் பெண்களில் எழுத்துத் தெரிந்தவர் யாருமில்லை. கையெழுத்தும் அச்சும் அவர்களுக்கு ஒன்றுதான். சித்தப்பா ஒன்றும் அறியாதவர்போலப் பந்தல்காலில் சாய்ந்து சாக்குத் தைத்துக்கொண்டிருப்பார். நான் படிப்பேன்.

கதாநாயகி கமலவேணியின் அழுகையோடு தொடங்கிய முதல் அத்தியாயம் பத்து வரி தாண்டவில்லை, அடைக்காயி அத்தை ஆரம்பித்துவிட்டார். கீழத்தெருக்காரர், எங்களுக்குத் தூரத்து உறவு, நாற்பது வயதிருக்கும். கை எவ்வளவு வேகமோ நாக்கு அதைவிட வேகம்.

“நில்லு குட்டி. அந்தக் கமலவேணி மூணு நாளா அழுவுறாளே, மாட்டுக்குத் தண்ணி காட்டுனது யாரு?”

“ஜமீன்தார் வீட்ல ஆளு அம்பு இருக்கும்க்கா” என்றாள் ஒரு புதுப்பெண்.

“இருந்தா கதையில வரணும்ல? ஒருத்தனையும் காணோமே!”

திருச்சிக்காரர் எழுதியதையே அவரும் சொன்னார். சித்தப்பாவின் ஊசி நின்றது. இன்னொரு நாள் கதாநாயகன் வெள்ளாற்று வெள்ளத்தில் விழுந்தான். “வெள்ளாத்துலயா? மொழங்கால் நனையத் தண்ணி வந்து எத்தன வருசமாச்சு! படுத்துக்கிட்டாத்தான் முங்கலாம்” என்று அடைக்காயி அத்தை சொல்ல, பந்தலே சிரித்தது. படித்து முடித்ததும் சித்தப்பா நோட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு வைக்கோல்போருக்குப் பின்னால் போய்விட்டார்.

அவர் போவதைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். வைக்கோல்போருக்கு அடுத்தாற்போல் கிணறு. முந்தின வருஷம் பக்கத்து ஊரில் மாமியார் ஏசினாள் என்று ஒருத்தி கிணற்றில் விழுந்ததைக் கேட்டிருந்தேன். கை கடலையைப் பொறுக்கும். காது கிணற்றுப் பக்கமே இருக்கும். கொஞ்சநேரத்தில் சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார். அழுதிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். வைக்கோல் தூசி என்று அப்போது தோன்றவில்லை.

திட்டினாலும் கதையை விடமாட்டார்கள். நல்ல கட்டம் வந்தால் எல்லார் விரலும் நின்றுவிடும். “கதை கேட்டா கடலை உடையுமா? ஆடி வந்துரும் பாத்துக்கங்க” என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம்போடுவாள்.

ஏழாம் அத்தியாயத்தில் கமலவேணியின் தாய் காய்ச்சலில் செத்துப்போனாள். நான் படித்து முடித்தபோது பந்தலில் ஒரு தோல்கூட முறியவில்லை. அடைக்காயி அத்தை பாதி நசுக்கிய கடலையை விரலுக்குள் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு ஏச ஆரம்பித்தார்.

“தாய் இழுத்துக்கிட்டுக் கெடக்குறா, மக வாசல்ல நின்னு நெலாவப் பாத்தாளாக்கும்? எழுதுனவன் ஒரு சாவுக்காச்சும் போயிருப்பானா? அவனுக்குத் தாயின்னு ஒருத்தி இருந்திருந்தா இப்புடி எழுதுவானா?”

சித்தப்பா நோட்டை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போருக்குப் பின்னால் போனார். அன்றைக்கு வெகுநேரம் வரவில்லை. நான் மனசுக்குள் நூறுவரை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். கிணற்றில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. சத்தம் கேட்காததே பயமாக இருந்தது. பொழுது சாய்ந்து பெண்கள் முந்தானையை உதறி எழுந்ததும், நான் அடைக்காயி அத்தையின் பின்னாலேயே ஓடி, ஊருணிக்கரையில் மறித்துக்கொண்டேன்.

“அயித்தை, அந்தக் கதைய வையாதீங்க. அது பொஸ்தகம் இல்ல. எங்க சித்தப்பா எழுதுனது. அவுகளுக்கு ஆத்தா இல்லையில்ல...”

அத்தை வாயில் கைவைத்தார். “அடி ஆத்தீ! நம்ம தம்பியா? நான் என்னென்ன பேசிப்புட்டேன்! முன்னாடியே சொல்லக் கூடாதாடி கழுத?”

“யாருட்டயும் சொல்லிராதீங்க.”

“நான் யாருட்டச் சொல்லப்போறேன்!”

மறுநாள் மத்தியானத்துக்குள் பந்தலில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் தெரியும் என்பதை ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை. அதில் மட்டும் ஒற்றுமை. சித்தப்பா வரும்போதே ஏதோ கேட்க வருகிறவர்போல வந்தார். “நேத்து அந்தச் சாவுல மக எங்க நிக்கணும்ங்குறீக?” என்று சாக்கைத் தைத்தபடி பொதுவாகக் கேட்டார். அடைக்காயி அத்தை குனிந்த தலை நிமிராமல், “அதெல்லாம் சரியாத்தான் எழுதிருக்கு தம்பி. நான் கூறுகெட்டுப்போயிப் பேசிட்டேன்” என்றார்.

எட்டாம் அத்தியாயம் தேன் என்றார்கள். ஒன்பது சர்க்கரை. பத்தாவதில் கதாநாயகன் காலையில் குதிரையேறி மதுரைக்குப் போய், விளக்கு வைப்பதற்குள் திரும்பி வந்தான். குதிரைக்குப் புல் யார் போட்டார்கள் என்று கேட்க ஆளில்லை. எனக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. சித்தப்பா போருக்குப் பின்னால் போவதே இல்லை. முதல் இரண்டு நாள் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்கூட இருந்தது. ஊரை நானே காப்பாற்றியதுபோல இரண்டு வேளை சேர்த்துச் சாப்பிட்டேன்.

அம்மாவுக்கும் சந்தோஷம். “இப்பத்தான் வேலை நடக்குது. மூணு நாள்ல எம்புட்டுக் கடலை ஒடஞ்சிருக்கு பாருங்க” என்று குவியலைக் காட்டிச் சொன்னாள். சித்தப்பா குவியலைப் பார்த்தார். பிறகு பெண்களின் கைகளைப் பார்த்தார். அன்று சாப்பிடும்போது அவர் என்னிடம் பேசவில்லை.

பதினோராம் அத்தியாயத்தில் ஒரு பக்கம் புதிதாக எழுதி ஒட்டியிருந்தது. கதாநாயகன் களைத்து வீடு வருகிறான். கமலவேணியின் தாய் இலை போட்டுச் சோறு பரிமாறுகிறாள், “மெலிந்துவிட்டீர்களே” என்கிறாள். படித்துக்கொண்டே வந்த எனக்குத் திக்கென்றது. ஏழாம் அத்தியாயத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களே! சித்தப்பா மறந்துவிட்டார் என்று எண்ணி, யாரும் கவனிக்காதபடி வேகமாகப் படித்தேன். பந்தலில் கடலைத் தோல் முறியும் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

முடிந்ததும் சித்தப்பா சாக்கைக் கீழே வைத்தார்.

“எப்புடியிருக்குக்கா?”

“நல்லாருக்கு தம்பி.”

“செத்துப்போனவ எப்புடிக்கா வந்து சோறு போட்டா?”

புதுப்பெண் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தாள். அடைக்காயி அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். நல்ல மனசோடுதான் சொன்னார்:

“அது எங்களுக்கென்ன தெரியும்? நீங்க எழுதுனா சரியாத்தானே தம்பி இருக்கும்.”

சித்தப்பா ஊசியைச் சாக்கில் செருகினார். “ஆமாக்கா” என்றார். என் மடியிலிருந்த நோட்டை மூடி, பஞ்சாங்க அட்டையை மெதுவாக உருவி எடுத்தார். இனி அதற்கு வேலையில்லை. யார் சொன்னது என்று என்னிடம் கேட்பார், கேட்டால் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டுவிடலாம் என்று காத்திருந்தேன். அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

ஆடி பிறந்து நல்ல மழை பெய்தது. பெண்கள் கடலை ஊன்றக் காட்டுக்குப் போய்விட்டார்கள். சித்தப்பா நோட்டைத் திருச்சிக்கு அனுப்பவில்லை. கொழும்புக்குக் கிளம்பிய அன்று அதை என்னிடம் கொடுத்து, “நீ வச்சுக்க. நல்லாப் படிச்ச” என்றார். என் குற்றமே அதற்குள் இருப்பதுபோலப் பயந்து, துணிப்பெட்டியின் அடியில் போட்டேன். கல்யாணமாகி அந்தப் பெட்டி என்னோடு வந்தது. அப்போதும் நான் நோட்டைத் திறக்கவில்லை. சித்தப்பா கொழும்பிலேயே கடை வைத்து, அங்கேயே காலமானார். கடிதங்களில் நலம் விசாரிப்பதைத் தவிர ஒரு வரி கூட எழுதியதில்லை. செய்தி வந்த அன்றுதான் நோட்டை எடுத்தேன்.

முதல் பக்கத்திலிருந்தே ஓரங்களில் பென்சிலால் நுணுக்கி எழுதியிருந்தது. ‘மாட்டுக்குத் தண்ணி காட்டியது யார்? வாஸ்தவம்.’ ‘வெள்ளாற்றை மாற்ற வேண்டும். படுத்துக்கொண்டால்தான் முங்கலாம்: இதை எங்காவது சேர்க்கணும்.’ அடைக்காயி அத்தையின் ஏச்சு, சிரிப்பு, புதுப்பெண்ணின் குறுக்குப் பேச்சு, ஒன்று விடாமல் இருந்தது. சில இடங்களில் எழுத்தின்மேல் வைக்கோல் துணுக்கு ஒட்டிக் காய்ந்திருந்தது.

ஏழாம் அத்தியாயத்தில் நிலாவைப் பற்றிய பத்தி முழுவதும் அடித்திருந்தது. ஓரத்தில் எழுதியிருந்தார்: ‘எனக்குத் தெரியவில்லை. தாய் சாகும்போது பிள்ளை எங்கே நிற்கும்? நாளைக்கு எப்படியாவது அடைக்காயியிடம் கேட்க வேண்டும்.’

எட்டாம் அத்தியாயத்திலிருந்து ஓரங்களில் ஒன்றுமில்லை.