அம்மாவுக்கு ஒரு பளுச் சோதனை

தூக்கும் கருவிகளைச் சோதிப்பது என் வேலை. கிள்ளான் துறைமுகத்திலும் அதைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலும் கிரேன், சங்கிலி, கொக்கி, இரும்புக் கயிறு எல்லாவற்றையும் பார்த்து, இது இன்னும் தூக்கலாம், இது இனித் தூக்கக்கூடாது என்று எழுதிக் கொடுப்பேன். ஆறு வருடத்தில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான். இரும்பு எதையும் மறப்பதில்லை. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் உள்ளே எங்கோ முடி அளவு விரிசல் ஒன்று நீள்கிறது. ஒரு நாள், முன்னறிவிப்பில்லாமல், உடைகிறது.

அதனால் அறுபத்திரண்டு வயது அம்மா பளு தூக்கும் பயிற்சிக்குப் போகப்போவதாகச் சொன்ன அன்று, நான் சாப்பாட்டை நிறுத்திவிட்டு ஒரு பட்டியல் எழுதினேன். மூட்டுத் தேய்மானம், முதுகு, ரத்த அழுத்தம், வழுக்கும் தரை என்று ஒன்பது காரணங்கள் சேர்ந்தன. அம்மா அதை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, கடைசி வரை படித்தார். பிறகு மீன்காரரிடம் வாங்கவேண்டியதை அதன் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

ஜிம்முக்குக் காரணம் ஓர் அண்டா. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் வெள்ளிக்கிழமை மாலை அன்னதானம் நடக்கும். அந்தச் சமையலறையில் சோறு வடிக்கும் பொறுப்பு இருபது வருடமாக இரண்டு பேருடையது. அண்டாவின் ஒரு கைப்பிடி அம்மாவுடையது, மற்றது ஓர் ஆன்டியுடையது. அந்த ஆன்டி மகன் வீட்டோடு சுங்கை பூலோவுக்குக் குடிபோன பிறகும் வெள்ளி தவறாமல் கொமுட்டர் ரயிலேறி கிள்ளானுக்கு வந்துவிடுவார். இருவரும் கைப்பிடியில் பழைய துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்றெல்லாம் எண்ணமாட்டார்கள். அம்மா "ம்" என்பார். அண்டா அடுப்பிலிருந்து எழும்பும், மூன்று எட்டு நகரும், வடிகூடையின் மேல் சாயும். இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். எந்த கிரேனும் அவ்வளவு சத்தமில்லாமல் வேலை செய்ததில்லை.

முந்தைய வருடம் அம்மா பாசாரில், மீன் கடை முன்னால், வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு பிரித்தபோது எலும்பையும் அளந்து பார்த்தார்கள். அடர்த்தி குறைந்திருந்தது. கோயில் செயலாளர் அங்கிள் உடனே ஒரு முடிவெடுத்தார்: அம்மா இனி காய்கறி மேசையில் உட்காரலாம். கொதிக்கும் அண்டாவோடு கீழே விழுந்தால் யார் பொறுப்பு என்று அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் காய்கறி மேசை என்பது எங்கள் கோயிலில் வெறும் மேசை இல்லை. முழங்கால் போனவர்கள், மாப்பிள்ளை வீட்டாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள், சும்மா பேச வந்தவர்கள் உட்காரும் இடம். அங்கே போனவர்கள் யாரும் அடுப்புப் பக்கம் திரும்பி வந்ததில்லை.

அம்மா எட்டு மாதம் வெண்டைக்காய் நறுக்கினார். அவருடைய கைப்பிடிக்கு அலுவலக வேலை பார்க்கும் ஒருவரைப் போட்டார்கள். அவர் ஆன்டியைவிட ஓர் அடி உயரம். அண்டா எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே போனது, ஆன்டியின் காலில் கஞ்சி தெறித்தது. "அக்கா, நீ வா. இந்த ஆளு தூக்கறாரு, நான் தொங்கறேன்," என்றார் ஆன்டி. அடுத்த வாரம் கிளினிக்கில் டாக்டர், எலும்புக்கு மாத்திரை மட்டும் போதாது, கொஞ்சம் பளுவும் தூக்கினால் நல்லது என்று சொல்ல, அம்மா அங்கிருந்து நேராக ஜிம்முக்குப் போனார்.

ஜிம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பயிற்சி கொடுத்தவர் ஒரு மலாய்ப் பெண், என் வயதுதான் இருக்கும். அம்மாவிடம் மலாயில் பொறுமையாகப் பேசினார். வாரம் மூன்று நாள், இடையில் ஒவ்வொரு நாள் ஓய்வு, முட்டையும் மீனும் நன்றாகச் சாப்பிட வேண்டும். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நானும் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டேன். அட்டவணையை ஃபிரிட்ஜில் ஒட்டினேன். மனசுக்கு ஒப்பவில்லை, ஆனால் அட்டவணை நன்றாக இருந்தது.

முதல் மாதம் எனக்கு ஆச்சரியம்தான். அம்மா நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்தார். எரிவாயு சிலிண்டரை அவரே நகர்த்தி வைத்தார். நான் என் ஒன்பது காரணங்களில் இரண்டை அடித்தேன்.

பிறகு ஒரு காலை, சீப்பைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். தலை வாரிவிட வேண்டுமாம். நான் பள்ளிக்கூடம் முடித்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் தலை வாரிவிட்டதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, சும்மாதான் என்றார். வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை என்பது கொண்டை போட்டு முடிக்கும்போதுதான் தெரிந்தது.

நான் சோதனையாளர். விபத்து நடந்தால் முதலில் கருவியைப் பார்க்கவேண்டும். வீட்டைச் சுற்றி வந்தேன். சமையலறை மூலையில் பத்துக் கிலோ அரிசி மூட்டை நின்றது. பிரிக்கவே இல்லை, ஆனால் நான்கு முனையும் வெளுத்துப் போயிருந்தன. இரண்டு இடத்தில் செலோடேப் ஒட்டியிருந்தது. தேய்மானத்தைப் பார்த்து எத்தனை முறை தூக்கப்பட்டது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். இது ஜிம்முக்குப் போகாத நாட்களில் நூற்றுக்கணக்கான முறை தூக்கப்பட்ட மூட்டை. சுவரில் இருந்த நாள்காட்டியையும் பார்த்தேன். தாள் கிழிக்கிற நாள்காட்டி. கிழித்த தாள்களை அம்மா கிளிப் போட்டு வைத்திருந்தார், ஒவ்வொன்றிலும் குங்குமத்தில் ஒரு புள்ளி. எண்ணினேன். முப்பத்தொன்று.

அம்மா ஒரு மண்டலம் வேண்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு நாள், ஒரு நாள் விடாமல் தூக்குவதாக. விரதம் என்பதால் ஒரு வேளைதான் சாப்பாடு. முட்டை, மீன் கிடையாது. நான் காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்புகிறவள், எனக்கு எதுவும் தெரியவில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டிய என் அட்டவணையின் ஓய்வு நாட்களை அவர் ஜிம்முக்கு விடுமுறை என்று எடுத்துக்கொண்டாரே தவிர, தனக்கு விடுமுறை என்று நினைக்கவில்லை.

டாக்டர் தசைப்பிடிப்புதான், பெரிதாக எதுவும் இல்லை என்றார். பயிற்சி கொடுத்த பெண் தலையில் கை வைத்துக்கொண்டார். தூக்கும்போது தசை வளர்வதில்லை, லேசாகக் கிழிகிறது. ஓய்வில்தான் ஆறி, முன்பைவிடக் கெட்டியாகிறது என்று விளக்கினார். அதை அம்மாவுக்குச் சொன்னார், ஆனால் கேட்டுக்கொண்டது நான். என் வேலையில் அப்படி ஒரு வழி கிடையாது. ஓய்வு கொடுத்தால் தன்னைத்தானே கெட்டியாக்கிக்கொள்ளும் கொக்கியை நான் பார்த்ததே இல்லை. இரும்பை வைத்து எழுதிய என் பட்டியலில் மீதி ஏழு காரணங்களும் தவறான பொருளைப் பற்றியவை என்று அப்போதுதான் தோன்றியது. பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் கெம்போங் மீன் அரைக் கிலோ என்று இருந்தது.

அம்மாவின் கவலை வேறு.

"நடுவுல லீவு விட்டா விரதம் போச்சுல்ல? முப்பத்தோரு நாளும் வேஸ்ட்டு."

"மத்தியானம் கோயில் நடை சாத்தறாங்கல்லம்மா? சாமிக்கே ரெஸ்ட் இருக்கு."

"சாமி வெயிட்டு தூக்கறதில்ல."

"வேல் தூக்கிகிட்டுதானே நிக்கறாரு."

அம்மா எழுந்து விளக்கேற்றப் போய்விட்டார். அன்று இரண்டாவது அட்டவணை போட்டேன். அதில் ஓய்வு நாளுக்கும் ஒரு கட்டம் வைத்தேன்: 'இன்று எதையும் தூக்காமல் இருத்தல்.' அதற்குப் பக்கத்தில் குங்குமம் வைக்க இடம். செய்யவேண்டிய வேலையாக எழுதினால் அம்மா செய்துவிடுவார். முதல் ஓய்வு நாளில் அரிசி மூட்டையைக் கண்ணில் படாமல் வைக்கச் சொன்னார். பருப்பு, டோஃபு என்று இரண்டு வேளை சாப்பாடானது. முட்டைக்கு மட்டும், டாக்டர் சொன்னதால் அது மருந்துதான் என்று நான் மூன்று நாள் வாதாடினேன். மருந்து போலவே தண்ணீர் ஊற்றி விழுங்கினார்.

தோள் குணமாக ஒரு மாதம் ஆனது. அதன் பிறகு மெதுவாக மறுபடியும் தொடங்கி, நான்காவது மாதம் அம்மா செயலாளரிடம் போய்த் தன் கைப்பிடியைத் திருப்பிக் கேட்டார். அவர் நல்ல மனிதர், ஆனால் முடிவெடுக்கப் பயந்தவர். "உங்க மக போர்ட்ல கிரேன் செக் பண்றவதானே அக்கா. அவ எழுதிக் குடுக்கட்டும், நான் ஃபைல்ல வைக்கறேன் லா," என்றார்.

உறவினரின் கருவியை நான் சோதிக்கக்கூடாது என்பது எங்கள் தொழில் விதி. அதை அவரிடம் சொன்னேன். "அப்ப உங்க அம்மா கருவியா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். மறுத்தால் அம்மாவை நானே காய்கறி மேசையில் நிரந்தரமாக உட்காரவைத்ததாகிவிடும். எழுதிக் கொடுத்து அவர் கொதிக்கும் சோற்றோடு விழுந்தால், என் கையெழுத்து அங்கே இருக்கும். அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

விடுமுறையாக இருந்த ஒரு புதன்கிழமை, காலியான சமையலறையில், சோதனை வைத்தேன். அரிசி, தண்ணீர், அண்டா எல்லாம் சேர்த்து வழக்கமான சுமை நாற்பது கிலோ என்று கணக்கிட்டிருந்தேன். கிரேனுக்கு வழக்கச் சுமையோடு இன்னும் கால் பங்கு கூட்டித்தான் சோதிப்போம். ஆக ஐம்பது. கொதிநீர் வேண்டாம், பச்சைத் தண்ணீர். குழாயின் ரப்பர் டியூப் கிழிந்திருந்ததால் வாளி வாளியாக நானே வெளியிலிருந்து கொண்டுவந்து ஊற்றினேன். செயலாளர் வாசலில் நின்றார். ஆன்டி அதற்காகவே ரயிலில் வந்திருந்தார்.

துண்டு சுற்றினார்கள். அம்மா காலை அகட்டி, இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகை நேராக்கி, மூச்சை இழுத்தார், ஜிம்மில் கற்றுக்கொண்ட மாதிரியே. ஆன்டி அதைக் கண் கொட்டாமல் பார்த்தார்.

"என்னக்கா, டாய்லெட்டு அந்தப் பக்கம்."

"பேசாம பிடி."

ஆன்டி எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதத்தில் முதுகைக் கூன்போட்டு, ஒரு காலை முன்னால் வைத்து நின்றார். இருபது வருடமாக அப்படித்தான். ஒரு நாள் முதுகுவலி என்று சொன்னதில்லை. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, எழுதாமல் விட்டேன்.

"ம்," என்றார் அம்மா.

அண்டா எழும்பியது. நேராக, ஒரு சொட்டுச் சிந்தாமல். மூன்று எட்டு. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பழக்கதோஷத்தில், "அப்படியே பிடிங்க," என்றேன். கிரேனில் சுமையைத் தொங்கவிட்டு நிமிடக்கணக்கில் காத்திருப்போம்.

"எவ்ளோ நேரம்?" என்றார் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"பத்து நிமிஷம்..."

"அடியே, கிரேனுக்கு வேர்க்காதுடி."

வடிகூடைப் பலகையில் இறக்கினார்கள். டங்கென்றுகூடச் சத்தமில்லை. அம்மா துண்டை உதறி மடித்தார். ஒரு பக்கக் கடிதம் எழுதினேன்: தரை காய்ந்திருக்க வேண்டும், வழுக்காத செருப்பு வேண்டும், மறுமுனையில் அந்த ஆன்டியே இருக்க வேண்டும், வெள்ளி தூக்கினால் சனி ஓய்வு. செயலாளர் இருமுறை படித்துவிட்டு, கிரேனுக்கு ஒட்டுவது போல ஸ்டிக்கர் எதுவும் உண்டா என்று கேட்டார். அம்மாவோ, இது எத்தனை மாதம் செல்லும் என்று கேட்டார். ஒரு வருடம், பிறகு மறுசோதனை என்றேன். அதற்கும் இப்போதே நாள் குறித்துவிடச் சொன்னார்.

எல்லாரும் கிளம்பிய பிறகு வாளியை எடுக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. தண்ணீர் சுமந்ததை அந்த நாளின் சுமைக் கணக்கில் நான் சேர்க்கவேயில்லை. நாள் முழுவதும் காரிலும் மேசையிலும் உட்கார்ந்திருக்கும் இடுப்பு அது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கிளினிக்கில் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, தந்தார்கள். வீட்டில் தனியாகக் கிடக்கவேண்டாம் என்று வெள்ளி மாலை அம்மா என்னையும் கோயிலுக்கு அழைத்துப்போய், காய்கறி மேசையில், தான் அதுவரை உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்காரவைத்தார். ஒரு கூடை வெண்டைக்காயும் கத்தியும் முன்னால் வந்தன. பக்கத்திலிருந்த பாட்டியம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எனக்கு முழங்காலா, மாப்பிள்ளை வீடா என்று விசாரித்தார்.

நான் பதில் சொல்வதற்குள் அடுப்புப் பக்கமிருந்து "ம்" என்று கேட்டது.