ஜாமீன் பணம் வாங்கப் போன அன்று

முடிச்சூரில் எங்கள் தெரு மழைநீரை யார் வீட்டுப் பக்கம் திருப்புவது என்று தொடங்கிய சண்டை, என் மேல் அடிதடி வழக்காக முடிந்தது. ஜாமீனுக்காக நீதிமன்றத்தில் பணம் கட்டினேன். வருடக்கணக்கில் அலையவிட்டு, கடைசியில் குற்றமில்லை என்று விடுவித்தார்கள். கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கத்தான் எனக்குப் பயம். மனு போட்டால் கேஸ் கட்டை மறுபடி பிரிப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரனுக்கு அப்பீல் ஞாபகம் வரும் என்று நினைத்தே தள்ளிப்போட்டேன்.

"நம்ம காசுங்க அது. எதுக்கு விடணும்?" என்று மனைவிதான் துரத்தினாள்.

"விடுதலை ஆயாச்சு சார். இன்னும் என்ன பயம்?" என்றார் வக்கீல்.

தாம்பரம் கோர்ட்டில் மனு விசாரணைக்கு வந்தது. டவாலி என் பெயரைக் கூவினார். வாசலில் செருப்பைக் கழற்றினேன். மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கினேன். நேராகப் போய்க் குற்றவாளிக் கூண்டில் ஏறிக் கைகட்டி நின்றேன்.

மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். "பணம் வாங்க வந்தவர்தானே? அங்க ஏன் நிக்கறீங்க? இறங்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் ஃபீஸ் வாங்கிய வக்கீலும் சிரித்தார். கோபம் தலைக்கேறியது. ஆனாலும் போலீஸ்காரர் கையசைக்கும்வரை என் கால் நகரவில்லை.

பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. போன வாரம் தாம்பரம் ரயில் நிலையத்தில் பழைய நண்பன் ஒருவன் பின்னாலிருந்து என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டான். யாரென்று திரும்பிப் பார்ப்பதற்குள் நான் செருப்பைக் கழற்றியிருந்தேன்.